சுடாத வசம்பு

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் வசம்பு மூட்டை பிரிக்கிற அன்று மாடிப்படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் காரம், அடியில் ஈரச் சேற்றின் வாடை, எல்லாவற்றுக்கும் பின்னால் பழைய புத்தக அலமாரியைத் திறந்தால் வருகிற நெடி, இத்தனையும் சேர்ந்து வந்து மூக்கில் உட்கார்ந்துகொள்ளும். கூட வேலை செய்கிற பெண்கள் நல்ல வாசனை என்பார்கள். நான் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுவேன். தூசி என்னை ஒன்றும் செய்யாது. முப்பத்தைந்து வருஷமாக ஒத்துக்கொள்ளாமல் கிடப்பது வேறு. அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் நாலு தடவை எழுந்துபோய் வேண்டாத தண்ணீரை நாலு தம்ளர் குடித்துவிட்டு.

கரமனையில் ஆற்றுக்கு இறங்குகிற ஒரு சந்தில், முன்கட்டில் நாங்களும் பின்கட்டில் பகவதி அக்காவின் குடும்பமும் வாடகைக்கு இருந்தோம். இரண்டு வீட்டாருக்கும் பூர்வீகம் நாஞ்சில்நாடு. பேச்சு தமிழ், ஆனால் எழுத்து என்று வந்தால் திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கெல்லாம் மலையாளம்தான், பள்ளிக்கூடம் அப்படி. பகவதி அக்காவும் அப்படித்தான். கதை என்றால் உயிரை விடுவாள், ஆனால் தமிழில் ஒரு எழுத்து கூட்டத் தெரியாது. எங்கள் அப்பா நாகர்கோவிலில் படித்துவிட்டு இங்கே அரசாங்க வேலைக்கு வந்தவர், அதனால் பிடிவாதமாக எனக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் அப்பா வாங்கி வருகிற வாரப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நான் பின்கட்டுக்குப் போவேன். அக்கா வேலைக்கு நடுவே கேட்டுக்கொண்டிருக்க, தொடர்கதையை உரக்க வாசிப்பேன். கதையில் யாராவது அழுதால் அக்காவும் கொஞ்சம் அழுவாள். பதினொரு வயதில் எனக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அப்போது அக்காவுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். அந்த வயதிலேயே சந்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது: பிள்ளைகளுக்கு மருந்து உரைத்துக் கொடுப்பதில் அவள் கை நல்ல கை என்று. அவளுடைய பிள்ளை அனந்துவுக்கு ஏழு மாதம். அவனுக்குக் கொடுக்கிற கையோடு எதிர்வீட்டுப் பிள்ளை, மூலைவீட்டுப் பிள்ளை, மலையாளக்கார வீட்டுப் பிள்ளை என்று மூன்று நான்கு பேர் காலையில் இடுப்பில் வந்து சேருவார்கள். வயிறு உப்பிசம், பால் கக்குவது, காரணம் தெரியாத அழுகை, எல்லாவற்றுக்கும் வசம்பு. அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மருந்து பலிக்காது என்பதால் "பேர் சொல்லா மருந்து" என்பார்கள், அதுவும் விளக்கு வைத்த பிறகு "அது" என்பதோடு சரி. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் தேங்குகிற இடத்தில் அக்கா ஒரு கொத்து நட்டும் வைத்திருந்தாள். வாள் வாளாக இலை, நடுவே ஒரு நரம்பு, கிள்ளி முகர்ந்தால் அதே மணம். கொடுக்கிற துண்டு என்னவோ சாலைக் கடைத்தெருவில் வாங்கிக் காய்ந்ததுதான்.

அவள் கொடுக்கிற முறை எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வசம்புத் துண்டின் ஒரு நுனியை ஆமணக்கெண்ணெய் விளக்கில் காட்டிக் கரியாகிற வரைக்கும் சுடுவாள். ஆறியதும் கல்லில் தாய்ப்பால் சொட்டு விட்டு அந்தக் கரி நுனியை இரண்டே சுற்று உரைப்பாள், மூன்றாவது சுற்று கிடையாது. கல்லில் கறுப்பாக ஒரு கோடு விழும். அதை விரல் நுனியால் தொட்டு நாக்கில் தடவிவிட்டால் முடிந்தது. மறுநுனியைச் சுடவே மாட்டாள், அது பிடித்துக்கொள்வதற்கு. ஒருநாள் நான் பக்கத்தில் குந்தி வேடிக்கை பார்க்கும்போது, "சுடாத நுனி பிள்ளைக்கு ஆகாது மக்ளே, கேட்டியா. அது குடலைப் புரட்டிரும்," என்று சொன்னாள். இதை நான் மறந்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது, அதனால்தான் இங்கே முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சியில் படம். சந்தில் மூன்றே வீடுகளில் பெட்டி இருந்த காலம். மூலைவீட்டில் தோழிகள் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். நான் தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் பகவதி அக்கா பின்கட்டு வாசலிலிருந்து கூப்பிட்டாள்: "மக்ளே, பிள்ளை தூளியில கிடக்கான். ஒரு அரை மணிக்கூர் பாத்துக்கிடு. ஆத்தில ரெண்டு சேலையை அலசிட்டு ஓடி வந்திருகேன்." அவளுடைய மாமியாரும் புருஷன் தாணு அண்ணனும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். எனக்கு மறுத்துப் பேசத் தெரியாது. உள்ளுக்குள் கறுவிக்கொண்டே சரி என்று சொல்லத் தெரியும்.

அவள் தலை மறைந்த ஐந்தாவது நிமிஷம் அனந்து எழுந்து அழ ஆரம்பித்தான். ஆட்டினேன், நிற்கவில்லை. தூக்கினேன், நிற்கவில்லை. மூலைவீட்டிலிருந்து படத்தின் எழுத்து ஓடுகிற இசை கேட்டது. மருந்து கொடுத்ததும் அவன் சொக்கிப்போய்க் கிடப்பதை நான் எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். மாடத்திலிருந்து கல்லையும் வசம்பையும் எடுத்தேன். கரி நுனி அன்று காலை உரைத்து உரைத்து மழுங்கியிருந்தது. எவ்வளவு உரைத்தும் சாம்பல் நிறத்தில் லேசாகத்தான் வந்தது. புதிதாகச் சுட வேண்டும் என்றால் விளக்கேற்ற வேண்டும், தீப்பெட்டி அடுக்களைப் பரணில். எனக்குப் பொறுமை இல்லை. துண்டைத் திருப்பிப் பிடித்து, சுடாத நுனியைத் தண்ணீர் விட்டு உரைத்தேன். அது மளமளவென்று இறங்கியது, சந்தனம் போலக் குழைந்து. கொஞ்சம் சீனி போட்டேன். விரலில் தொட்டு அவன் வாயில் வைத்தேன், நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் விரல் நிறைய. சீனிக்காக அவன் என் விரலைச் சப்பினான்.

தூங்கத்தான் போனான் என்று நினைத்தேன். கல்லைக் கழுவி மாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால் தூளிக்குள்ளிருந்து ஒரு சத்தம். வாந்தி. துடைப்பதற்குள் மறுபடியும், அதைத் துடைப்பதற்குள் இன்னொரு தடவை, பிறகு எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வெறுமே ஓங்கரித்து, கடைசியில் கழுத்து நிற்காமல் தோளில் துவண்டான். நான் கத்திக்கொண்டு ஆற்றுக்கு ஓடினேன். அக்கா ஈரச் சேலையோடு ஓடிவந்ததும், எங்கள் அம்மா ஆட்டோ பிடித்ததும், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றி, மூன்றாம் நாள் பிள்ளை சிரித்தான். அந்த இரண்டு நாளும் நான் சாமியிடம் கேட்டதை எழுதக் கூசுகிறது. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று கேட்டேன். அதே மூச்சில் யாருக்கும் தெரியக்கூடாது என்றும் கேட்டேன். எது முதலில் என்று இப்போது யோசித்தால் எனக்கே நிச்சயமில்லை.

கண்டுபிடித்தது அக்காவின் மாமியார். கெட்டிக்காரி, பிள்ளையின் சட்டையை முகர்ந்து பார்த்ததுமே இன்ன காரியம் என்று புரிந்துகொண்டார். மாடத்திலிருந்து வசம்புத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இரண்டு நுனியும் தேய்ந்திருந்தது. "சுடாத பக்கத்தை உரச்சுக் கொடுத்திருக்கா. ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கா, பெத்த பிள்ளைக்குக் கொடுக்கத் தெரியல்ல," என்றார். அவர் சொன்னதில் ஆள் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. அந்த வீட்டில் மருந்துக் கல்லைத் தொடுகிறவள் அக்கா ஒருத்திதான் என்பதால் வேறு யாரையும் நினைக்க அவருக்கு இடமே இல்லை.

அக்கா சண்டை போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். சண்டை போட்டால் பேச்சு வளர்ந்து என்னிடம் வந்து சேரும் என்று பயந்துகொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் அந்தத் துண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "காலம்பற தூக்கக் கலக்கத்தில நுனி மாறிப் போச்சோ என்னமோ," என்றாள். அவளே நம்பிவிட்டாள். என் அம்மா என்னைப் பார்த்து, "நீ இருந்தேல்லா, ஒண்ணும் பாக்கல்லியா?" என்று கேட்டாள். "தூங்கிக்கிட்டுக் கிடந்தான்," என்றேன். இரண்டே சொல். அதற்குப் பிறகு அந்த விஷயமாக யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் பொய் சொல்ல வேண்டி வரவில்லை.

கேட்கவில்லை என்பதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. நான் ஓடிப்போய்க் கூப்பிட்டதால்தான் பிள்ளை பிழைத்தான் என்று சந்து முழுக்கப் பேசினார்கள். தாணு அண்ணன் வாழையிலையில் சுற்றி எனக்கு நாலு போளி வாங்கி வந்தார், நெய் இலையில் ஊறியிருந்தது. நான் அதைத் தின்றேன். தொண்டையில் அடைத்தது, விக்கியது என்றெல்லாம் எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் நாலையும் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

பின்கட்டில் நடந்ததை முன்கட்டிலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்தேன். மாமியார் அந்த வசம்புக் கொத்தை வேரோடு பிடுங்கி ஆற்றில் எறிந்தார். "இனி பிள்ளைக்கு நீ ஒண்ணும் கொடுக்காண்டாம்," என்று சொல்லி, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாவற்றையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். காலையில் இடுப்பில் வருகிற பிள்ளைகள் வரவில்லை. அதைவிட மோசம், அக்காவுக்கே தன் கையின் மேல் நம்பிக்கை போய்விட்டது. மூன்று வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்து, அதற்குக் காய்ச்சல் வந்தால் மருந்து பாட்டிலையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு எங்கள் அடுக்களைக்கு வருவாள். "எக்கா, நீங்க ஒண்ணு அளந்து ஊத்தித் தாங்க," என்று என் அம்மாவிடம் கேட்பாள். அம்மா ஊற்றியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், மறுபடி பார்ப்பாள், ஒரு துளி சிந்தாமல் எடுத்துக்கொண்டு போவாள். நான் பாடப் புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை வாசிப்பையும் அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டேன், பரீட்சை என்று சாக்குச் சொன்னேன். தொடர்கதை நடுவில் நின்றது. அக்கா இரண்டு தடவை கேட்டாள், மூன்றாவது தடவை கேட்கவில்லை.

பிறகு நான் வேதியியல் படித்தேன், மூலிகைச் சரக்கைச் சோதித்துச் சான்று எழுதுகிற வேலைக்கு வந்தேன். பரிகாரமாகப் படித்தேன் என்று யாராவது நினைத்தால் அது எனக்குச் சாதகமான கற்பனை; மதிப்பெண் கிடைத்தது, படித்தேன், அவ்வளவுதான். ஆனால் வசம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அக்கோரஸ் என்கிற பேரினத்தில் இனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஈர நிலத்துப் பூண்டுகள். நாம் வேர் என்று விற்பது மண்ணுக்குள் படுத்து ஓடுகிற தண்டு. அதற்குள் இருக்கிற எண்ணெயில் ஆல்ஃபா அசரோன், பீட்டா அசரோன் என்று இரண்டு பொருள்கள். வயிற்றுப் பிடிப்பைத் தளர்த்துவது, சொக்க வைப்பது, பூச்சியை அண்டவிடாதது என்று நம்மவர்கள் கண்ட குணங்களில் பலவற்றுக்கும் இந்த எண்ணெய்தான் காரணம் என்கிறார்கள். அளவு மிஞ்சினால் வாந்தி எடுக்க வைப்பதும் இதே எண்ணெய்தான். செடிக்குச் செடி கணக்கும் மாறும். இரண்டு தொகுதி குரோமோசோம் உள்ள செடியில் பீட்டா அசரோன் கிடையாது, நான்கு தொகுதி உள்ளதில் எண்ணெயின் பெரும்பகுதி அதுதான். நம் பக்கத்தில் விளைவதில் அது தாராளம். எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது கட்டிகள் வந்ததால் பல நாடுகளில் உணவில் சேர்க்கவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

அசரோன் சூட்டுக்கு ஆவியாகிவிடும் சரக்கு. அக்கா கரியாகும்வரை சுட்டதன் அர்த்தம் எனக்கு ஒரு மதியவேளையில் விளங்கியது. யாரும் கேட்காமலே, சுட்டதில் கொஞ்சமும் சுடாததில் கொஞ்சமும் எடுத்துச் சாராயத்தில் ஊறவைத்து, சரக்கைப் பிரித்துக் காட்டுகிற மெல்லிய பூச்சுத் தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்து ஏறவிட்டேன். ஊதா விளக்கின் கீழே பிடித்தால், சுடாத பக்கத்தில் காசு மாதிரி அசரோனின் கறுப்புப் பொட்டு. சுட்ட பக்கத்தில் அந்த இடம் ஏறக்குறைய காலி. இருபத்திரண்டு வயதில், ஒரு விளக்கும் ஒரு கல்லும் வைத்துக்கொண்டு, அவள் செய்ததில் ஒரு பிசகும் இல்லை. சின்னப் பிள்ளைக்கு வசம்பே வேண்டாம் என்று இன்றைக்கு நான் சொல்வேன், அது வேறு. ஆனால் கொடுக்கிறவர்களிலே அவள் அளவுக்கு நிதானமாகக் கொடுத்தவள் இல்லை. அந்தத் தகட்டை நான் குப்பையில் போட்டேன்.

போன மாதம் அனந்துவின் பிள்ளைக்கு இருபத்தெட்டாம் நாள் சடங்கு. அனந்து கழக்கூட்டம் என்கிற புறநகரில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான், ஒன்பதாவது மாடியில் வீடு, மனைவி அஞ்சு மலையாளப் பெண். அரைஞாண் கட்டியதும் அஞ்சுவின் அம்மா ஒரு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துவந்தார். தேனில் வசம்பும் பொன்னும் உரைத்தது. மணம் வந்த உடனேயே நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். "ஆத்யம் அச்சம்ம கொடுக்கட்டே," என்று கிண்ணத்தைப் பகவதி அக்காவிடம் நீட்டினார். அப்பாவைப் பெற்றவள் முதலில் கொடுக்கட்டும் என்கிற மரியாதை. அக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என் கை வேண்டாம் சம்பந்தி. இவனுக்கு ஒருக்கா நான் சுடாமக் கொடுத்து ஆசுபத்திரி வரைக்கும் போயாச்சு," என்றாள், சிரித்துக்கொண்டேதான். அனந்து, "அம்மா, அதை விடேன்," என்றான்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் என் ஆயுளில் வரப்போவதில்லை. வாயைத் திறந்தேன். வந்தது வேதியியல். வசம்பை யார் கையாலும் கொடுக்க வேண்டாம், அதில் பீட்டா அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, பச்சைப் பிள்ளைக்கு ஆகாது, டாக்டர்களும் இப்போது கொடுக்கச் சொல்வதில்லை என்று வகுப்பெடுத்தேன். ஒவ்வொரு சொல்லும் சரி. அஞ்சு கைபேசியில் தேடிப் பார்த்து, ஆமாம் என்றாள். கிண்ணம் உள்ளே போயிற்று. எல்லாருக்கும் மூச்சு வந்தது. "பாத்தியளா, படிச்ச பிள்ளை சொல்லுகா," என்று அக்கா பெருமையாகச் சொன்னாள்.

கிளம்பும்போது லிஃப்ட் வரைக்கும் கூட வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரு முன்னயும் என்னைக் காப்பாத்திட்ட மக்ளே. அண்ணைக்கும் நீ இருந்ததாலதான் பிள்ளை பிழைச்சான், இன்னைக்கும் நீதான்," என்றாள். லிஃப்ட் வந்து திறந்து மூடிப் போயிற்று. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "அந்தத் தொடர்கதை, பாதியில விட்டியே, கடைசில அந்தப் பெண்ணு என்ன ஆனா?" என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் அவளிடம் சொன்ன உண்மை.

கரமனைச் சந்தில் அந்த வீடு இப்போது இல்லை. துவைகல் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன, சோப்புத் தண்ணீர் தேங்குகிற ஈரமும் இல்லை. கல்லாற்றுப் பக்கம் போயிருந்தபோது ஓடையோரம் வாள் இலையாக ஒரு கொத்தைப் பார்த்து, கிள்ளாமல் வந்துவிட்டேன். அக்காவின் மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். என் அம்மாவும் இல்லை. நடந்ததை அறிந்தவள் என்று நான் ஒருத்தி மிச்சம், நடந்ததாக நம்புகிறவள் என்று அக்கா ஒருத்தி மிச்சம்.

எனக்கு மலையாளம் நன்றாக எழுத வரும். அலுவலகத்தில் பாதி வேலை அதில்தான். இதை எழுத உட்கார்ந்தபோது எந்த மொழியில் என்று நான் யோசிக்கவே இல்லை, கை தமிழில் ஓடியது. பாதி எழுதிய பிறகுதான் ஏன் என்று புரிந்தது. பகவதி அக்காவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இது அச்சாகி அவள் மடியிலேயே கிடந்தாலும் அவளால் படிக்க முடியாது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அவளுக்கு மட்டும் சொல்லாமலிருக்க இதைவிடத் தோதான வழி இல்லை. நாளை போய்ச் சொல்லப்போகிறேன் என்று எழுதி இந்தக் கட்டுரையை அழகாக முடிக்கலாம். அப்படி எழுதிவிட்டால் போகாமலே இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். யாராவது உட்கார்ந்து அவளுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும். அவளுக்குத் தமிழ் வாசித்துக் காட்டியவள் நான் ஒருத்திதான்.